இறக்கிய நேரம்

சங்கத்தில் தந்த பை நல்ல பாரம்:
நீலப் பாசிச்சாயத்தாள் ஒரு கட்டு,
கண்ணாடி மிதப்புமானி, அது உடையாமல் சுற்றிய
என் பழைய பாவாடைத் துண்டு,
வெண்கட்டிப் பெட்டி இரண்டு,
எங்கேயோ அச்சடித்து வந்த அறிவித்தல் நூறு.
"தரமான கல்லு, தகுந்த விலை" என்றிருந்தது அதில்.
நூறிலும் பேனையால் திருத்தினேன்.

அராலித் தவறணை, பத்தரை மணி.
பங்குனி வெய்யிலுக்குக் கூரைத்தகரம்
டிக், டிக் என்று முறிந்துகொண்டிருந்தது.
உள்ளே பதினொரு ஆண்கள், ஒரு நாய்.
என்னைக் கண்டதும் பிளாக்கள் எல்லாம்
வாங்கின் கீழே போயின.
நாய் மட்டும் இருந்தபடி இருந்தது.

"குடிக்க வேண்டாமெண்டு சொல்ல வந்தனியோ பிள்ளை?"
"இல்லை. நல்லதாய்க் குடிக்கச் சொல்ல."
அந்தச் சிரிப்பு அடங்க
வெகுநேரம் எடுத்தது.

முதலில் விற்கிறவருக்கு.
முட்டியின் கழுத்துக்குள் விரல் விட்டு வழித்துக் காட்டினேன்:
நேற்றைய நுரை, முந்தநாள் ஈ.
பச்சைத் தண்ணீரில் அலசினால் காணாது,
கொதிநீர் வேண்டும், பிறகு வெய்யிலில் கவிழ்க்கவேண்டும்.
பழையதை இன்றையதோடு கலக்கவேண்டாம்.
சக்கரின் வேண்டவே வேண்டாம்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிய இரத்தினவேல்
கடைசியில் வாய் திறந்தார்:
"நான் ஏன் போடுறன்? உவையளைக் கேள்.
இனிப்புக் காணாது எண்டு ஒருத்தன்,
ஏறேல்லை எண்டு இன்னொருத்தன்.
பனை தாறதை அப்பிடியே குடுத்தால்
பக்கத்துத் தவறணைக்கெல்லோ போயினம்."

என் தாளில் இல்லாத பாடம் அது.

ஆகவே மூன்று பிளா நிரப்பினோம்.
விடிய மகேந்திரம் இறக்கியது ஒன்று.
அதனோடு நேற்றையது கலந்தது ஒன்று.
மற்றது தண்ணீர், சீனி, சக்கரின், ஈஸ்ட்;
கள்ளு என்று பெயர் மட்டும்.
எது எதென்று இரத்தினவேலுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நாக்குக்குப் பேர்போன மேசன் செபமாலை
கண்ணை மூடி உறிஞ்சினார்,
மீசையில் நின்ற நுரையையும் விசாரித்தார்.
"இதுதான். ஆண்பனை. கிழக்குக் காணி. சத்தியமா."

மூன்றாவது.

தவறணை சிரித்து ஓய்ந்தபிறகு
ஓட்டோக்காரக் கஜீபன் கேட்டான்,
மரியாதையாகத்தான் கேட்டான்:
"அக்கா, நீங்கள் குடிச்சுப் பாத்தனீங்களோ?"

மிதப்புமானி தெரியும். அமிலம் தெரியும்.
நாலாம் மணித்தியாலத்தில் என்ன நடக்குமென்று
வரைபு கீறத் தெரியும்.
முதலாவது பிளாவை எடுத்தேன்.
பதினொரு பேரும் பார்த்திருக்க விழுங்கினேன்.
இனிப்பு. அதன் பின்னால்
நனைந்த ஓலையின் மணம்.
இறங்கிப் போனதென்று நினைக்கையில்
தொண்டையில் ஒரு சின்னக் கிள்ளு.

"இந்தக் கிள்ளு," என்றேன், இருமலோடு,
"இதைத்தான் காலமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறன்."
செபமாலை பிளாவை என் கையிலிருந்து வாங்கி
மிச்சத்தைக் குடித்தார்.
ஒன்றும் பறையவில்லை.

வெண்கட்டியை விட்டுவந்தேன்.
இறக்கிய நேரத்தைக் கலனில் எழுதுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

மூன்றாம் கிழமை இரத்தினவேல் போன் எடுத்தார்.
"பிள்ளை, நீ படிப்பிச்சது உவங்களுக்கு, நட்டம் எனக்கு.
பன்னிரண்டு மணிக்கு வந்து நிண்டுகொண்டு
ஆறு பத்துக்கு இறக்கினது புளிச்சுப்போச்சு,
விலையைக் குறை எண்டு நியாயம் பிளக்கிறாங்கள்."
பிறகு குரல் தணிந்தது.
"நேற்று அந்த ஆறை எட்டாக்கிப்போட்டன்."

பிடித்தது செபமாலை.
ஒரே மிடறு, கண்ணை மூடவும் இல்லை.
விரலைப் பிளாவில் தோய்த்து எட்டைத் துடைத்து,
வெண்கட்டியைக் கேட்டு வாங்கி
ஆறு என்று எழுதினாராம், அடிக்கோடும் போட்டு.

"பிறகு குடிச்சவரோ?"

"குடியாமல்? பத்து ரூவா குறைச்சாப்போலை."